மோபியஸ்: 107 ஓட்டும் ஓர் அறையும்

கேள்வி சுருக்கமாக இதுதான்: “கொரிய இயக்குநர் கிம் கி டுக் எடுத்த மோபியஸ் படத்தை மூன்று பேர் சேர்ந்து பார்த்தோம். ஒரு வசனம்கூடக் கிடையாது, முழுக்க ரத்தமும் வக்கிரமும். நான் பாதியில் எழுந்துவிட்டேன். ஒருவன் இது மகத்தான படம் என்கிறான், இன்னொருவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஒரே படத்துக்கு எப்படி மூன்று விதமான பார்வை? யார் சொல்வது சரி?”

உங்கள் அறையில் நடந்ததுதான் 2013-லிருந்து இந்தப் படம் ஓடிய எல்லா இடங்களிலும் நடக்கிறது. எழுந்து போகிறவர், உறைந்துபோய் உட்கார்ந்திருப்பவர், சிரிக்கிறவர் என்று மூன்று தரப்பும் இல்லாமல் இந்தப் படத்தின் திரையிடல் இருக்காது. நான் இதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை சிரித்தேன், இரண்டாம் முறை எழுந்து போகலாமா என்று யோசித்தேன். ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம் பார்க்காதவர்கள் இதைப் படித்தால் கதை புரிய வேண்டுமே, ஜாடையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீடு. அப்பாவுக்கு வேறொரு பெண்ணோடு உறவு. அம்மா ஒரு ராத்திரி கத்தியோடு அப்பாவிடம் போகிறாள், அது நடக்கவில்லை, அந்த ஆத்திரம் பதின்பருவ மகன் மீது இறங்குகிறது. அவன் வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டிய காயம் அது. அம்மா வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். குற்ற உணர்ச்சியில் நொறுங்கிய அப்பா, மகன் இழந்ததை எப்படியாவது ஈடுகட்டப் பார்க்கிறான், தன் உடம்பையே கொடுத்தும் பார்க்கிறான். பிறகு அம்மா திரும்பி வருகிறாள், கதை ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கிறது, இன்னும் மோசமாக. தலைப்பு அதற்குத்தான். ஒரு காகித நாடாவை ஒரு முறுக்கு முறுக்கி முனைகளை ஒட்டினால் உள்பக்கம் எது வெளிப்பக்கம் எது என்று தெரியாமல் போகும் அல்லவா, அதுதான் மோபியஸ் பட்டை. அப்பா, அம்மா, மகன் மூவரின் ஆசையும் தண்டனையும் ஒரே பரப்பில் ஓடுகின்றன என்று இயக்குநர் சொல்ல வருகிறார். ஒன்றரை மணி நேரப் படம். யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அழுகை, அலறல், சிரிப்பு, கதவுச் சத்தம் எல்லாம் உண்டு.

இந்தப் பேச்சில்லாத தன்மைதான் முதல் காரணம் என்று நினைக்கிறேன். பலரும் ரத்தத்தைத்தான் காரணம் காட்டுவார்கள். ஆனால் இதைவிட அதிகமாக ரத்தம் கொட்டும் கொரியப் படங்களைக் குடும்பமே உட்கார்ந்து பார்க்கிறது, யாரும் சண்டை போட்டுக்கொள்வதில்லை. வசனம் என்பது கதையைச் சொல்வதோடு நிற்பதில்லை, இதைப் பார்த்து நீ என்ன நினைக்க வேண்டும் என்று நம் காதில் ஓதிக்கொண்டும் இருக்கிறது. அப்பா மகனிடம் “என்னை மன்னித்துவிடுடா” என்று ஒரே ஒரு வரி பேசியிருந்தால் அது சோகப் படம் ஆகியிருக்கும், அரங்கமே அழுதிருக்கும். மருத்துவர் ஒரு கிண்டல் வரி பேசியிருந்தால் கறுப்பு நகைச்சுவை, எல்லோரும் சிரித்திருக்கலாம். இரண்டும் இல்லை. ஒரு மனிதன் ராத்திரி கணினி முன்னால் உட்கார்ந்து, நாம் தலைவலிக்கு மருந்து தேடுவதுபோல, மகனின் காயத்துக்கு இணையத்தில் வழி தேடுகிறான். அந்தக் காட்சி அழவா சிரிக்கவா? படம் வாயைத் திறக்காது. அந்த இடத்தில் நீங்கள் கொண்டுவந்ததுதான் நிரம்பும். அதனால்தான் மூன்று பேரும் மூன்று படம் பார்த்தீர்கள்.

இதில் ஒரு ஏமாற்று வேலையும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. ஊமைப் படக் காலத்தில் கருவி இல்லை, அதனால் பேச்சு இல்லை. இங்கே போலீஸ், சிறை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடப் பையன்கள் என்று மனிதர்கள் பேசியே ஆக வேண்டிய இடங்கள் எல்லாம் வருகின்றன. எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். சில இடங்களில் அது சடங்குபோல அழகாக இருக்கிறது, சில இடங்களில் பள்ளி ஆண்டு விழாவின் மௌன நாடகம் மாதிரி இருக்கிறது. உங்கள் நண்பர் சிரித்ததில் பாதி இதற்காக இருக்கும், அதை ரசனைக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது, யார் எதை எதிர்பார்த்து வந்தார்கள் என்பது. கிம் கி டுக் பெயரைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது 2003-ல் வந்த வசந்தம், கோடை, இலையுதிர், குளிர், மீண்டும் வசந்தம் படம்தான். ஏரி நடுவில் மிதக்கும் கோயில், பனி, ஒரு பௌத்தத் துறவி, ஒரு சிறுவன். அதைப் பார்த்துவிட்டு “ஆகா, தியானம் மாதிரிப் படம்” என்று மோபியஸுக்கு வந்தவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். கோயிலுக்குக் கிளம்பி கசாப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ஆனால் என் கருத்து என்னவென்றால், இரண்டும் ஒரே படம். அந்தப் படத்தில் சிறுவன் மீன், தவளை, பாம்பு உடம்பில் கல்லைக் கட்டி விளையாடுகிறான், குரு அவன் முதுகிலேயே கல்லைக் கட்டுகிறார், வளர்ந்து கொலைகாரனாகித் திரும்பியவன் கடைசியில் தானே கல்லை இழுத்துக்கொண்டு மலை ஏறுகிறான், அந்த ஏறும் மனிதனாக நடித்தவரும் கிம் கி டுக்தான். மோபியஸிலும் கல் வருகிறது. அப்பன் கண்டுபிடிக்கும் ‘வைத்தியம்’ கல்லால் தோலைத் தேய்த்துக்கொள்வது. பாவத்தை உடம்பில் சுமந்து கழிப்பது என்கிற அதே எண்ணம், அதே வட்டம். புத்தர்கூட இருக்கிறார், வீட்டில் ஒரு புத்தர் தலைச் சிலை, அம்மா கத்தியை எடுப்பது அதன் அடியிலிருந்துதான். ஏரியையும் பனியையும் கழற்றிவிட்டார், அவ்வளவுதான். இயற்கைக் காட்சிக்காக மன்னித்தவர்களால் அது இல்லாதபோது மன்னிக்க முடியவில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பயங்கரப் பட ரசிகர்கள். “உலகிலேயே கொடூரமான பத்துப் படங்கள்” மாதிரிப் பட்டியலில் பார்த்துவிட்டு வருகிறவர்கள். அவர்களுக்கும் ஏமாற்றம்தான். கொடூரம் நாம் கேள்விப்பட்ட அளவுக்குத் திரையில் இல்லை, பாதி மறைவில், பாதி முகத்தில்தான் நடக்கிறது. படம் பார்க்கவும் நன்றாக இருக்காது, சுமாரான வெளிச்சம், கையில் பிடித்த கேமரா, வீட்டு வீடியோ போன்ற தட்டையான நிறம். “இதுக்கா இவ்வளவு பில்டப்?” என்று போய்விடுவார்கள்.

இந்த இடத்தில் எக்ஸ்ப்ளாய்டேஷன் என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம். குறைந்த காசில் எடுத்து, பெரிய படங்கள் காட்டத் துணியாத உடலையும் வன்முறையையும் காட்டிக் கல்லாக் கட்டும் படவகைக்கு அந்தப் பெயர். தமிழில் சுரண்டல் என்று நேராகச் சொல்லிவிட்டால் யார் யாரைச் சுரண்டுகிறார்கள் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும், அதனால் நான் சுரண்டல் என்றே சொல்ல விரும்புகிறேன். கொரியாவில் இந்த வகைக்கு ஒரு விநோதமான பின்னணி உண்டு. 1982 ஜனவரியில் இரவு ஊரடங்கு நீக்கப்பட்டது, அடுத்த மாதமே ஏமா அம்மையார் என்ற கிளுகிளுப்புப் படம் வெளியாகி நள்ளிரவுக் காட்சியாக ஓடிப் பெரும் பணம் சம்பாதித்தது. ராணுவ ஆட்சி, அரசியல் பேசினால் கத்தரி, ஆனால் இதற்கு வழிவிட்டார்கள். தணிக்கையாளர்கள் ஆட்சேபித்தது எதற்குத் தெரியுமா? தலைப்பில் ‘குதிரை’ என்று பொருள்படும் சீன எழுத்து ஆபாசமாகத் தொனிக்கிறதாம், அதே ஒலியுள்ள ‘சணல்’ என்ற எழுத்தாக மாற்றச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் வளர்ந்த ஒரு கொரியருக்கு, உடம்பைக் காட்டுகிற படத்தை ‘புரட்சி’ என்று யாராவது விற்றால் உடனே சந்தேகம் வருவதில் ஆச்சரியம் இல்லை. வெளிநாட்டு விழாவில் கைதட்டுகிறவருக்கு இந்த ஞாபகம் கிடையாது.

முன்தணிக்கை அரசியலமைப்புக்கு எதிரானது என்று அங்குள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் 1996 அக்டோபரில் தீர்ப்பளித்தது. கிம் கி டுக்கின் முதல் படமான முதலை வந்ததும் அதே ஆண்டுதான். ஆக, அவர் அந்தத் திறந்த கதவின் பிள்ளை. கொஞ்ச காலத்தில் டிஜிட்டல் கேமராவும் வந்தது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ஆயிற்று. 2011-ல் ஏலியன் பிகினியின் படையெடுப்பு என்று ஒரு படம், மொத்தச் செலவு 50 லட்சம் வோன், அதாவது ஒரு நல்ல கேமராவும் லென்ஸும் வாங்குகிற காசு. ஜப்பானில் யுபாரி விழாவில் முதல் பரிசு வாங்கியது. இந்த 50 லட்சம் என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வரும்.

தணிக்கை போனாலும் தரச்சான்று இருக்கிறதே, மோபியஸின் பெரிய சண்டை அங்கேதான். 2013 ஜூனில் தரச்சான்று வாரியம் இதற்கு ‘கட்டுப்படுத்தப்பட்ட திரையிடல்’ என்ற வகையைக் கொடுத்தது. கேட்டால் சாதாரணமாகத் தெரியும், இதற்கென்று தனி உரிமம் பெற்ற அரங்கில் மட்டும் ஓட்டலாம், அவ்வளவுதானே என்று. சிக்கல் என்னவென்றால் அப்படி ஒரு அரங்கு நாட்டில் ஒன்றுகூட அப்போது இயங்கவில்லை. தடை என்ற வார்த்தையை உச்சரிக்காமலே தடை செய்யும் வழி அது. அம்மா மகன் உறவைப் பற்றிய காட்சிகள்தான் முக்கிய ஆட்சேபம். கிம் கொஞ்சம் வெட்டிக் கொடுத்தார், மறுபடியும் அதே சான்றிதழ். மறுபடியும் வெட்டினார். மொத்தம் ஏறத்தாழ இரண்டரை நிமிடம்.

இந்த நடுவில் அவர் ஒரு காரியம் செய்தார், உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவது அதுதான். ஜூலை 26-ஆம் தேதி பத்திரிகையாளர்கள், விமர்சகர்கள், திரைத் துறையினரைக் கூப்பிட்டுப் படத்தைப் போட்டு ஓட்டெடுப்பு நடத்தினார். முப்பது சதவீதம் பேர் எதிர்த்தால் வெளியீட்டையே கைவிடுகிறேன் என்று அறிவித்திருந்தார். 107 பேர் ஓட்டுப் போட்டார்கள். வெளியிடலாம் என்று 93, வேண்டாம் என்று 11, செல்லாதவை 3. பிறகு வாரியம் இறங்கிவந்து வயது வந்தோர் சான்றிதழ் தந்தது, செப்டம்பரில் படம் அரங்குக்கு வந்தது. அதே வாரம் வெனிஸ் விழாவில் போட்டிக்கு வெளியே, வெட்டாத வடிவம் ஓடியது.

இந்த 93-ஐ எடுத்துக்கொண்டு “பார்த்தாயா, 87 சதவீதம் பேருக்குப் பிடித்திருக்கிறது” என்று வாதாடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தப்பு. அன்றைக்குக் கேட்ட கேள்வி ‘பிடித்திருக்கிறதா’ என்பது கிடையாது, ‘வயது வந்தவர்கள் பார்க்க விடலாமா’ என்பது. நான் அங்கே இருந்திருந்தால் விடலாம் என்றுதான் போட்டிருப்பேன், வெளியே வந்து படத்துக்குப் பாதி மதிப்பெண்தான் கொடுத்திருப்பேன். இந்த இரண்டு கேள்வியையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் மோபியஸ் பற்றிய பேச்சு எப்போதும் சூடாகிவிடுகிறது. படம் பிடிக்கவில்லை என்றால் நீ தணிக்கைக்காரன், படத்தை ஆதரித்தால் நீ வக்கிரக்காரன். நடுவில் நிற்க இடமே இல்லை. கிம்மே அந்த இடத்தை விடவில்லை என்றும் சொல்லலாம், தன் படத்தைப் பற்றிய தீர்ப்பைச் சுதந்திரத்தைப் பற்றிய தீர்ப்பாக மாற்றிவிட்டார். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் படத்துக்கு அது நல்லதா என்று தெரியவில்லை. ஒரு வேண்டுகோள்: சண்டை போடுவதற்கு முன் நீங்கள் மூவரும் பார்த்தது எந்த வடிவம் என்று பாருங்கள். கொரிய அரங்கில் ஓடியதும் வெனிஸில் ஓடியதும் ஒன்றல்ல.

உள்ளூருக்கும் வெளியூருக்கும் உள்ள பிளவு இவர் விஷயத்தில் பழைய கதை. 2000-ல் தீவு படம் வெனிஸ் போட்டிக்குப் போய்ப் பெயர் வாங்கித் தந்தது, ஊரில் கூட்டம் இல்லை. 2006-ல் கோபத்தில் இனி என் படங்களைக் கொரியாவில் வெளியிட மாட்டேன் என்றே சொன்னார், நாட்டுப் பார்வையாளர்களின் தரத்தைப் பற்றி ஏதோ சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டு மன்னிப்பும் கேட்டார். 2012-ல் பியட்டா வெனிஸில் தங்கச் சிங்கம் வென்றபோதுதான் நிலைமை மாறியது, மூன்று பெரிய விழாக்களில் ஒன்றின் உச்சப் பரிசை ஒரு கொரியப் படம் வாங்கியது அதுதான் முதல் முறை. அதற்கு ஆன செலவு சுமார் 15 கோடி வோன் என்று சொன்னார்கள், கொரியத் திரைத் துறையில் அது டீக்காசு. அந்த வெற்றிக்கு அடுத்த படம் மோபியஸ் என்பதை மறக்கக் கூடாது. கைக்கு வந்த மரியாதையை வைத்து வசதியான படம் எடுக்காமல் இதை எடுத்தார். துணிச்சல் என்பார் ஒருவர், திமிர் என்பார் இன்னொருவர். நம் பக்கத்தில் கேரளாவில் அவருக்கு இருந்த வரவேற்பு தனி, 2013 டிசம்பரில் திருவனந்தபுரம் விழாவுக்கு வந்தபோது ஒரு சினிமா நட்சத்திரத்துக்குக் கூடுவதுபோலக் கூட்டம் கூடியது, மோபியஸும் அங்கே ஓடியது. தமிழில் அவரைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலருக்கு அறிமுகம் அந்த வழியில் வந்ததுதான்.

பெண்கள் தரப்பு விமர்சனம் இந்தப் படத்தோடு தொடங்கியது இல்லை. தீவு வந்த நாளிலிருந்தே கொரியப் பெண் விமர்சகர்கள் சொல்லிவருவது: இவர் படங்களில் பெண் என்றால் தண்டிக்கப்படுகிறவள், அல்லது தண்டித்தவனையே கடைசியில் ஏற்றுக்கொள்கிறவள். மோபியஸில் அப்பாவின் காதலியான கடைக்காரப் பெண்ணுக்கு நடக்கும் கொடுமையைப் படம் கையாளும் விதத்தைப் பார்த்தால் அந்தக் குற்றச்சாட்டைத் தள்ள முடியாது. ஆண்களின் வலிக்கு முழுப் படம் இருக்கிறது, அவள் வலி கதையை நகர்த்தும் ஒரு படிக்கட்டு. ஆதரவாளர்கள் இதற்கு வைத்திருந்த பதில் கெட்டியானது. அம்மாவாகவும் அந்தக் கடைக்காரப் பெண்ணாகவும் நடித்தவர் ஒரே ஆள், லீ யூன் வூ. மனைவியும் காதலியும் ஒரே முகம், பட்டையின் உள்ளும் புறமும் ஒன்று, ஆண் மனம் பெண்ணைப் பார்க்கும் விதத்தையே படம் அம்பலப்படுத்துகிறது என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். நானும் நம்பினேன். நல்ல வாசிப்புதான். தலைப்புக்கு அப்படிப் பொருந்துகிறது.

2017 ஆகஸ்டில் வேறொரு செய்தி வந்தது. அம்மா வேடத்துக்கு முதலில் எடுக்கப்பட்டவர் வேறொரு நடிகை. படப்பிடிப்பின்போது இயக்குநர் தன்னைக் கன்னத்தில் அறைந்தார், முன்பு பேசாத ஒரு காட்சிக்கு வற்புறுத்தினார் என்று அவர் புகார் கொடுத்தார். அவர் நடுவிலேயே படத்தை விட்டு விலகியிருக்கிறார், அந்த வேடமும் லீ யூன் வூவிடம் போயிருக்கிறது. அறைந்தது நடிப்பை விளக்கத்தான் என்பது இயக்குநர் தரப்பு விளக்கம். டிசம்பரில் அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் தாக்குதலுக்காக அவருக்கு 50 லட்சம் வோன் அபராதம் என்று முடித்தார்கள், மற்ற புகார்கள் ஆதாரம் போதவில்லை என்று விடப்பட்டன. 50 லட்சம். மேலே ஒரு முழுப் படமே அந்தக் காசில் எடுத்தார்கள் என்று சொன்னேனே, அதே தொகை.

2018 மார்ச்சில் கொரியத் தொலைக்காட்சியின் புலனாய்வு நிகழ்ச்சி ஒன்று மேலும் சில நடிகைகளின் குற்றச்சாட்டுகளை வெளியிட்டது. அவர் மறுத்தார், வழக்குப் போட்டார், 2020 அக்டோபரில் அந்த வழக்கில் தோற்றார். அதே ஆண்டு டிசம்பர் 11-ல் லாட்வியாவில் கொரோனாவால் இறந்துபோனார், அறுபதாவது பிறந்த நாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. படத்தில் அப்பாவாக நடித்த சோ ஜே ஹியூன் மீதும் 2018-ல் குற்றச்சாட்டுகள் எழுந்தன, பொதுவில் மன்னிப்புக் கேட்டு ஒதுங்கிக்கொண்டார்.

இதைத் தெரிந்துகொண்டு திரும்பப் பார்த்ததுதான் என் இரண்டாம் முறை. ஒரே முகம், இரண்டு பெண்கள் என்று தத்துவம் பேசிய இடத்தில் எனக்குத் தெரிந்தது ஒரு காலியிடம். ஒருவர் விட்டுப் போன நாற்காலி. படத்தில் லீ யூன் வூ அருமையாக நடித்திருக்கிறார், அதைக் குறைத்துச் சொல்லவில்லை, இரண்டு வேடத்துக்கும் நடையே மாறுகிறது, முதலில் பார்த்தபோது ஒரே ஆள் என்று எனக்குப் பிடிபடவே நேரம் ஆனது. ஆனால் விமர்சகர்கள் கோட்பாடு கட்டிய அந்த உத்தி ஒரு பெண் படப்பிடிப்பை விட்டு வெளியேறியதால் வந்து சேர்ந்தது என்றால், அந்தக் கோட்பாட்டை இப்போது எந்த முகத்தோடு வாசிப்பது?

குறைந்த செலவுப் படம் என்றால் நாம் எல்லோரும் பாராட்டுவது எதை? தயாரிப்பாளர் தலையீடு இல்லை, பெரிய குழு இல்லை, ஒரு மனிதன் தான் நினைத்ததை எடுக்கிறான். மோபியஸில் எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் கிம் கி டுக். பணம் போட்டதும் அவர் நிறுவனம்தான். அவர் எப்போதுமே வேகம், 2000-ல் ஒரு முழுப் படத்தைப் பத்துக்கு மேற்பட்ட கேமராக்களை வைத்து 200 நிமிடத்தில் எடுத்து முடித்தவர். இந்தச் சுதந்திரத்தை நானும் வருடக்கணக்கில் கொண்டாடியிருக்கிறேன். அதன் மறுபக்கம் என்ன? அந்தப் படப்பிடிப்பில் ஒரு நடிகைக்கு “இது ஒப்பந்தத்தில் இல்லை” என்று போய்ச் சொல்ல யார் இருந்தார்கள்? தயாரிப்பாளரிடம் சொல்லலாம் என்றால் அவரே இயக்குநர். ஒளிப்பதிவாளர் சாட்சி சொல்வார் என்றால் கேமராவைப் பிடித்திருப்பதும் அவரே. எல்லா வேலையும் ஒருவர் கையில் இருந்தால் புகார் கேட்கும் காதும் அவருடையதாகிவிடுகிறது. பெரிய படப்பிடிப்பில் கொடுமை நடக்காது என்று சொல்லவில்லை, நன்றாகவே நடக்கிறது. சிக்கனத்தை நாம் ஒழுக்கமாகவே நினைத்துக்கொண்டோம் என்றுதான் சொல்கிறேன்.

மகனாக நடித்த சோ யோங் ஜூவையும் நினைத்துப் பாருங்கள். 1998-ல் பிறந்தவர், முந்தைய ஆண்டு வேறொரு படத்துக்காக டோக்கியோ விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கிய பிள்ளை. மோபியஸை அவரால் அரங்குக்குப் போய்ப் பார்க்க முடியாது, வயது போதாது. பார்க்கவே தகாதது என்று சட்டம் சொல்வதில் நடிக்க மட்டும் தகும் என்பது எந்தக் கணக்கு என்று ஓட்டுப் போட்ட 107 பேரிடமும் கேட்கத் தோன்றுகிறது. 2013-ல் எனக்கும் அது உறைக்கவில்லை. ரத்தம் உண்மையா, எல்லை மீறலா, கலையா என்று மாய்ந்து மாய்ந்து விவாதித்தோம். திரைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நம்மைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

இப்போது உங்கள் மூன்று பேர் விஷயம். எழுந்து போன உங்களிடம் யாரும் “நீ முழுசா பார்க்கவில்லை, பேசாதே” என்று சொல்ல விடாதீர்கள். இந்தப் படம் உங்கள் பொறுமையோடுதான் பந்தயம் கட்டுகிறது, பந்தயத்துக்கு வரவில்லை என்று சொல்வதும் ஒரு பதில்தான். மகத்தான படம் என்கிற நண்பரிடம் எதற்காக என்று கேளுங்கள். முதல் பாதிக்காக என்றால் பெருமளவு ஒத்துக்கொள்வேன். அம்மா ராத்திரித் தெருவில் நடந்து போகும்போது பழம்பொருள் கடைக் கண்ணாடிக்கு வெளியே ஒருவன் மண்டியிட்டு உள்ளே இருக்கும் புத்தர் தலையைக் கும்பிடுகிற காட்சி, அவள் நின்று பார்க்கிறாள், எதுவும் நடக்கவில்லை. மொத்தப் படத்திலும் எனக்குப் பிடித்தது அதுதான். கடைசியில் மகன் அதே கடை முன்னால் அதே மாதிரி கும்பிட்டுவிட்டுத் திரும்பி நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான். நீங்கள் பாதியில் போனதால் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள், அந்தச் சில நிமிடங்களை மட்டும் தனியாக ஓட்டிப் பாருங்கள். அம்மா திரும்பி வந்த பிறகான பகுதி எனக்குத் தேறவில்லை, சொல்ல வந்ததைச் சொல்லி முடித்த பிறகும் இன்னொரு அடி, இன்னொரு அடி என்று போய்க்கொண்டே இருக்கிறார். அதையும் சேர்த்து மகத்தானது என்கிறார் என்றால் அவரோடு எனக்கும் ஒரு மாலை வாதாட இருக்கிறது.

சிரித்தவரிடம் எந்த இடத்தில் சிரித்தார் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். அப்பா கணினியில் தேடும் இடம் என்றால், நானும் அங்கேதான் சிரித்தேன்.